கொசுறுக்கு ஒரு பார்ட்னர்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி ஒன்பதே முக்கால். அடுப்பில் ரசம் நுரை கட்டி வருகிறது, வீட்டில் கொத்தமல்லி இல்லை. கொத்தமல்லி போடாத ரசத்தைக் குடித்துச் செத்தவன் என்று எங்கள் வேளச்சேரியில் இதுவரை ஒருவனும் இல்லை. இருந்தாலும் கை தானாகப் போனை எடுத்தது. தெருமுனைக் கடை நூறடி தூரம்தான். ஆனால் வெளியே மழை கொட்டுகிறது; நனைந்தால் எனக்குச் சளி பிடிக்கும்.

ஒரு கட்டு 18 ரூபாய். அதன் தலையில் கையாளும் கட்டணம், சிறிய ஆர்டர் கட்டணம், மழைக் கட்டணம். மழைக் கட்டணம் வருண பகவானுக்கா, நனைகிறவனுக்கா, நனையாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கா என்று பில்லில் போடவில்லை. சிறிய ஆர்டர் கட்டணத்துக்குப் பயந்து ஒரு சிப்ஸ் பாக்கெட்டையும், ஏற்கெனவே வீட்டில் இரண்டு கிடக்கிற டூத்பேஸ்ட்டில் மூன்றாவதையும் சேர்த்தேன். இப்படிச் சிக்கனம் பிடித்து 18 ரூபாய்ச் சாமானை 210 ரூபாய்க்கு வாங்கி முடித்ததும் திரையில் ஒரு பொம்மை பைக் கிளம்பியது. ஒன்பது நிமிடம் என்றது.

தள்ளுவண்டி அம்மாவிடம் தக்காளியும் கத்திரிக்காயும் வாங்கினால் ஒரு பிடி கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கேட்காமலே பையில் விழும். கொசுறு. அதற்கு விலை கேட்டால் அந்தம்மா நம்மை ஒரு மாதிரி பார்ப்பாள். கொசுறை ஆள் வைத்து வரவழைத்த முதல் தலைமுறை என்ற பெருமை நமக்கே சேரும்.

இந்தக் கொத்தமல்லி எங்கிருந்து கிளம்புகிறது என்று கேட்டால், டார்க் ஸ்டோர் என்கிறார்கள். நமக்கு இருட்டுக்கடை என்றால் திருநெல்வேலி, நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே. சாயங்காலம் திறப்பார்கள், மங்கலான வெளிச்சம், இலையில் சுடச்சுட அல்வா, வழிந்தோடும் நெய். வரிசையில் நின்று, கடைக்காரர் முகத்தைப் பார்த்து வாங்கலாம். புது இருட்டுக்கடையில் உள்ளே பளீரென்று டியூப்லைட் எரிகிறது. இருட்டில் இருப்பது நாம்தான். வாங்குகிறவனுக்கு உள்ளே அனுமதி கிடையாது. ரேக்குகளுக்கு நடுவே ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு பையன்களும் பெண்களும் நொடிக்கணக்குப் பார்த்து ஓடுவதை நாம் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் ரசம் இறங்காது.

நொடிக்கணக்கு என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்து, அதையும் இன்னொரு முறை கோடியால் வகுத்தால் கிடைப்பதற்கு ஜெப்டோ நொடி என்று பெயர். அதையே எடுத்து ஒரு மளிகைக் கம்பெனிக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டோமினோஸ் தன் '30 நிமிட' உத்தரவாதத்தை 1993-லேயே கைவிட்டது. சிக்னலை மீறி வந்த பீட்சா வண்டி இடித்த வழக்கில் ஜூரி கோடிக்கணக்கான டாலர் தண்டம் போட்ட பிறகு வந்த ஞானம் அது. அங்கே 30 நிமிடமே ஆளைக் கொல்லும் என்று முடிவானது. நாம் வல்லரசு அல்லவா, பத்தில் ஆரம்பித்தோம்.

சாமான் கொண்டுவருகிறவனுக்குத் தொழிலாளி என்று பெயரில்லை, அவன் பார்ட்னர். கூட்டாளி! பைக் அவனுடையது, பைக்கின் தவணை அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, டேட்டா பேக் அவனுடையது, எலும்பும் அவனுடையது. கம்பெனி தன் பங்குக்கு ஒரு டீ ஷர்ட்டும் ஒரு பையும் போட்டது. பல இடங்களில் அதற்கும் அவனிடமே பிடித்துக்கொண்டது. இவர்களையும் சேர்த்து, வேலைக்கு வேலை கூலி வாங்கும் கிக் தொழிலாளர்கள் 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் பேர், 2029-30-இல் 2.35 கோடி ஆவார்கள் என்று நிதி ஆயோக் கணக்குப் போட்டிருக்கிறது. பங்குதாரர் கூட்டத்துக்கு ஒரு டீ குடிக்கக்கூட அழைப்பு வராத 2.35 கோடி கூட்டாளிகள். 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ரங்கநாதன் தெருவில் நாளெல்லாம் நின்று வீங்கிய கால்களுக்காக வந்த திருத்தம். பார்ட்னருக்கு அந்தக் குறையே இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கிறான், சொந்த சீட்டில்.

இலங்கை மலையகத்திலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் கங்காணி என்று ஒருவர் இருந்தார். ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு போவார், முன்பணக் கடனில் முடிந்துவைப்பார், மலைச்சரிவில் நின்றுகொண்டு விரட்டுவார். துரை பங்களாவை விட்டு இறங்க வேண்டியதே இல்லை. ஆனாலும் துரை கங்காணிக்குக் காசு கொடுத்தான். வேலைக்கு இறங்கிய ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தான். இன்றைய துரைகள் கெட்டிக்காரர்கள். கங்காணி வேலையை நம்மிடம் தள்ளிவிட்டு, அதைப் பார்ப்பதற்கு நம்மிடமே காசும் வாங்குகிறார்கள். சொமாட்டோ 2023 ஆகஸ்டில் பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று 2 ரூபாயில் ஆரம்பித்தது. 2025 செப்டம்பரில் அது 12. நாம் முனகிக்கொண்டே கட்டுகிறோம், கட்டிய கையோடு மேஸ்திரி வேலையைத் தொடங்குகிறோம். பொம்மை பைக் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, டீ குடிக்கிறானா, ஒன்றுக்குப் போகிறானா? பழைய கங்காணி கையில் பிரம்பு. நம் கையில் ஐந்து நட்சத்திரம். மூன்றைத் தட்டிவிட்டு நாம் தூங்கப் போய்விடுவோம். காலையில் அங்கே ஒருவனுக்கு ஐடி பிளாக் ஆகியிருக்கும்.

பழைய காலத்தைப் பொற்காலம் என்று பூசி மெழுக நான் வரவில்லை. அண்ணாச்சி கடைப் பையன்கள் விடிகாலை நாலரைக்கு எழுந்து, ராத்திரி பதினொன்றுக்கு அரிசி மூட்டை மேலேயே சுருண்டார்கள். அடியும் வாங்கினார்கள். ஆனால் மனதுக்குள் யாரைத் திட்டுவது என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. ஆள் கல்லாவில் எதிரே உட்கார்ந்திருப்பார். கூலி கேட்டு நிற்க ஒரு வாசல் இருந்தது. இப்போது 'உதவி' பொத்தானை அமுக்கினால் ஒரு எந்திரம் வணக்கம் சொல்கிறது. இத்தனை தொழில்நுட்பமும் சேர்ந்து காணாமல் அடித்த ஒரே பொருள் முதலாளி.

கிடங்குப் பக்கம் போனால் முதலாளி உறுதிமொழியாக வருகிறார். அரியானா மானேசரில் அமேசான் கிடங்கில், ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போக மாட்டோம் என்று தொழிலாளர்களைச் சத்தியம் செய்யச் சொன்னதாக 2024 ஜூனில் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே அதைக் கையில் எடுத்து அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பள்ளிக்கூடத்தில் கையை நீட்டி உறுதிமொழி எடுத்த பிள்ளைகள்தானே, பழக்கம் விடுமா?

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. வந்தது, செக்போஸ்ட் போயிற்று, ஃபாஸ்டேக் வந்தது, டோல்கேட் வரிசை குறைந்தது. மிச்சமான நேரம் டிரைவரின் தூக்கத்துக்கா போயிற்று? அடுத்த லோடுக்குப் போயிற்று. சரக்கோடு போகிற இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள் எழுதியிருக்கிறது, காலாவதியானால் தண்டம். டிரைவருக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே எழுதினார்கள். அது காலாவதியானபோது யாரும் யாருக்கும் தண்டம் போடவில்லை. ஏ.சி. கேபின் கட்டாயம் என்பதுகூட 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளுக்குத்தான். ஐஸ்கிரீமுக்கு அந்த யோகம் என்றைக்கோ அடித்துவிட்டது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கிக் தொழிலாளி என்று ஒரு ஜீவன் இருப்பதை முதன்முதலில் ஒப்புக்கொண்டது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். பாராளுமன்றம் ஆர்டரை எடுத்தது 2020 செப்டம்பரில். நடைமுறைக்கு டெலிவரி ஆனது 2025 நவம்பர் 21. கொத்தமல்லியாக இருந்தால் கேன்சல் செய்து காசைத் திரும்பக் கேட்டிருப்போம். பெட்டியைப் பிரித்தால், கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கட்ட வேண்டும், ஆனால் இந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலி? மன்னிக்கவும், அந்தப் பொருள் ஸ்டாக் இல்லை.

நம் மாநில அரசு 2023-இல் இந்தத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் இவர்களுக்கு ஏ.சி. ஓய்வறை கட்டியது, கழிப்பறையோடு. நல்ல காரியம், கிண்டல் செய்ய மனம் வரவில்லை. ஆனால் லாபக் கணக்கு கம்பெனியிலும் கக்கூஸ் கணக்கு மாநகராட்சியிலும் எழுதப்படுவதற்குப் பெயர்தான் கூட்டாண்மையா?

2025 டிசம்பர் 31 அன்று இந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். அன்றைக்குச் சொமாட்டோவும் பிளிங்கிட்டும் சேர்ந்து 75 லட்சம் ஆர்டர் என்று சாதனை அறிவித்தன. அந்த 75 லட்சத்தையும் வானத்திலிருந்து யாரும் போடவில்லை, நாம்தான் போட்டோம். புத்தாண்டுக்கு நொறுக்குத்தீனி வேண்டாமா? அடுத்த மாதம் ஒன்றிய அமைச்சர் கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசினார், பிளிங்கிட் விளம்பரத்திலிருந்து 'பத்து நிமிடம்' இறங்கியது. எழுத்து இறங்கிவிட்டது. அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற கடிகாரம் இறங்கியதா என்று, அடுத்த முறை வருகிறவனை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். நிற்க மாட்டான்.

அந்த ஐப்பசி ராத்திரிக்குத் திரும்புவோம். என் கொத்தமல்லி இன்னும் வரவில்லை. ஒன்பது நிமிடம் பதினாறாகிவிட்டது. பொம்மை பைக் தண்டீஸ்வரம் பக்கத்தில் நட்ட கல்லாக நிற்கிறது. இதையெல்லாம் எழுதுகிற நானே திரையைப் பார்த்து, "என்னதான் பண்றான் இவன்?" என்றேன். போன் வந்தது.

"சார், வண்டி வழுக்கிருச்சு சார். வந்துட்டே இருக்கேன். கேன்சல் மட்டும் பண்ணிராதீங்க சார்."

எங்கள் அடுக்ககத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்றின் பக்கத்தில் பலகை: டெலிவரி ஆட்கள், வீட்டு வேலை செய்பவர்கள், நாய்கள் மற்ற லிஃப்ட்டைப் பயன்படுத்தவும். எங்கள் சங்கம் பொங்கலுக்குச் சமத்துவம் பற்றிப் பட்டிமன்றம் நடத்திய சங்கம். அன்றைக்கு மற்ற லிஃப்ட் ரிப்பேர். வாட்ச்மேன் படியைக் காட்டியிருக்கிறார். நான்கு மாடி ஏறி, தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வாசலில் நின்றான் ஒரு பையன். இருபது வயதிருந்தால் அதிகம்.

"கொத்தமல்லி நனையல சார். ஜெர்க்கினுக்குள்ள வச்சுக்கிட்டேன்." பையை நீட்டிய கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து ரத்தம் மழைத்தண்ணீரோடு வடிந்துகொண்டிருந்தது. துணி எடுக்க நான் உள்ளே திரும்பினேன். "வேணாம் சார், அடுத்த ஆர்டர் விழுந்துருச்சு. அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டு விட்ருங்க சார்." படியில் இறங்கிப் போய்விட்டான்.

போன் சிணுங்கியது. ஆர்டரில் ஏதாவது குறையா என்று கேட்டது. பொருள் வரவில்லை, பொருள் சேதம், தாமதம், டெலிவரி பார்ட்னர் மரியாதைக் குறைவு. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். முழங்கைக்கு ஒரு கட்டம் இல்லை.

கொத்தமல்லியில் ஒரு இலைகூடக் கசங்கவில்லை.