கைதிகளும் மனிதர்களே!

ஆலோசகர்: வாங்க, வாங்க! குருவிட்ட மறியல்ல இருந்து வந்தாச்சா? இனிப் புது வாழ்க்கைதான்!

தோட்டத்தார்: வந்துட்டேன் சேர். ஒரு சந்தேகம். வெலிக்கடைச் சிறைச் சுவர்ல 'சிறைக்கைதிகளும் மனிதர்களே'ன்னு எழுதியிருக்கு. வெளியில வந்தவனுக்கு எந்தச் சுவர் சேர்?

ஆலோசகர்: நல்ல பகிடி! தோட்டத்துல வேலை கேட்டீங்களா?

தோட்டத்தார்: பெரட்டுக்களத்துல போய் நின்னேன். கணக்கப்பிள்ளை என்னைய விட்டுட்டு எண்ணுறாரு. உள்ளுக்குன்னா காலையிலயும் அந்தியிலயும் தவறாம எண்ணுவாங்க. மனுசன்னு சுவர்லயே எழுதி வச்சிருக்காங்கல்ல!

ஆலோசகர்: கொழும்புல ஏதாவது கடையில?

தோட்டத்தார்: பொலிஸ் ரிப்போட் கொண்டான்னாங்க. "கைதியா இருந்தவனும் மனுசன்தான் முதலாளி, வேணும்னா சுவரைப் பாருங்க"ன்னேன். வெளிய போன்னுட்டாங்க.

ஆலோசகர்: குற்றம் செஞ்சீங்கதானே? சட்டம் எல்லாருக்கும் சமம்.

தோட்டத்தார்: சமந்தான். கசிப்புப் போத்தலோட என்னையப் பிடிச்சாங்க, காய்ச்சுற முதலாளியையும் பிடிச்சாங்க. கோட்டுல ரெண்டு பேருக்கும் தண்டம். அவரு அங்கேயே எண்ணிக் கட்டிட்டு வேன்ல ஏறினாரு. நான் மறியல் பஸ்ஸுல ஏறினேன். வாக்குமூலத்தைச் சிங்களத்துல எழுதிட்டு, கையெழுத்தை மட்டும் தமிழ்ல போடச் சொன்னாங்க. பெரிய மனசு!

ஆலோசகர்: ஏதோ ஒண்ணு ரெண்டு அப்படி நடக்கும்...

தோட்டத்தார்: ஒண்ணு ரெண்டா? இந்த நாட்டுல தண்டனை கெடைச்சு உள்ள போறவங்கள்ல பாதிக்கு மேல தண்டம் கட்ட வழியில்லாதவங்க சேர்! வெசாக்குக்கு மன்னிப்புக் குடுத்து விடுறதுலயும் அவங்கதான் நெறைய. எதை மன்னிக்கிறாங்க? கையில காசில்லாததையா? அந்தக் காலத்துலயே, 1865ல போட்ட சட்டத்துல, சொல்லாமத் தோட்டத்தை விட்டுப் போனாலே எங்க பூட்டனுக்கு மறியல். இப்ப திரும்பி வந்து நிக்கிறேன், பேர் போட மாட்டேங்கிறாங்க!

ஆலோசகர்: கோவப்படாதீங்க. வார கிழமை கருத்தரங்கு வச்சிருக்கோம். மேடையில பெரிய பதாகை, 'விடுதலையானவர்களும் மனிதர்களே!'

தோட்டத்தார்: சுவர்லயா சேர்?

ஆலோசகர்: துணியில. பின்னேரம் நாலு மணிக்குக் கழட்டிருவோம்.

தோட்டத்தார்: அப்ப நாலு மணி வரைக்கும் மனுசன். சேர், 1999லயே சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம்னு ஒண்ணு வந்திருக்காம். மறியலுக்குப் பதிலா வேலை செஞ்சு கழிக்க அதுல வழி இருக்காம். இதை உள்ள போன பெறகுதான் இன்னொரு கைதி எனக்குச் சொன்னான். பதாகைக் காசுல ஒரு ஆளை லயத்துக்கு அனுப்புங்க, அதைத் தமிழ்ல சொல்லட்டும். போற வழியில கணக்கப்பிள்ளையையும் பார்த்து, நாளைக்கு என் பேரைப் போடச் சொல்லுங்க.