மைசூரில் மக்கி ஒப்பிப்பது எப்படி?

உங்களுக்கு மைசூருக்கு மாற்றல் வந்துவிட்டது. வாழ்த்துகள். பையன் எட்டாவது. ஈரோட்டில் தமிழ் மீடியத்தில் கணக்கில் எண்பதுக்குக் கீழே இறங்காதவன். "கணக்குக்கு ஏதுங்க பாஷை? எங்க போனாலும் ரெண்டும் ரெண்டும் நாலுதானுங்க" என்று எதிர்வீட்டுக்காரர் சொல்ல, நீங்களும் அதை நம்பி, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கன்னட மீடியத்தில் சேர்த்துவிட்டீர்கள். நான் 1988-ல் இப்படிச் சேர்க்கப்பட்டவன். இந்த வழிகாட்டியை எழுத அது ஒன்றே போதுமான தகுதி. மதிப்பெண் பட்டியலைக் கேட்காதீர்கள்.

முதல் விதி: மக்கி என்பது தின்பண்டம் இல்லை. ஜக்கி வாசுதேவ் பெயரில் வரும் அதே 'க்கி'தான் (அவரும் மைசூர்க்காரர்). கன்னடத்தில் மக்கி என்றால் வாய்ப்பாடு. முதல் நாள் கணக்கு மேஷ்ட்ரு என்னை எழுப்பி, "மக்கி ஹேளு" என்றார். ஹேளு என்றால் சொல். என் காதில் அது 'கேள்' என்று விழுந்தது. புதுப் பையனுக்கு நூடுல்ஸ் கொடுத்து வரவேற்கும் பண்பாடு இங்கே இருக்கிறது போல என்று எண்ணி, "வேண்டாம் சார், சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்று தமிழில் சொன்னேன். மேஷ்ட்ருக்குத் தமிழ் தெரியாது. கடைசி பெஞ்சில் இருந்த ஒருவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து எனக்கு 'மக்கி' என்றே பெயர்.

இரண்டாவது விதி, பகரத்தைக் கண்ட இடத்தில் ஹகரம் போடுவது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தாண்டி வரும் பேருந்தில் எங்கோ ஒரு வளைவில் நம் பகரம் ஜன்னல் வழியாக விழுந்துவிடுகிறது. பத்து ஹத்து ஆகிறது, பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி. கண்டுபிடி என்பது கண்டுஹிடி. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்குக் கன்னடம் முழுக்க வசமாகிவிட்டதாகவே நினைத்தேன். பரீட்சையில் 'ஹைதாகொரஸ் பிரமேய' என்று எழுதினேன். மேஷ்ட்ரு அதை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினார், இரண்டு தரம். கிரேக்கர்களும் சமஸ்கிருதச் சொற்களும் இந்த விதிக்குக் கட்டுப்படாதவர்கள் என்பதைப் பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பரிதி பரிதியாகவேதான் இருக்கும்.

வகரம் பகரமாவது தனிக்கதை. விலை அங்கே பெலெ. அந்த பெலெக்கு 'மதிப்பு' என்றும் பொருள் உண்டு. அதனால் பலகையில் 'எக்ஸின் மதிப்பைக் காண்க' என்பதற்கு 'எக்ஸ்ன பெலெயன்னு கண்டுஹிடியிரி' என்று இருக்கும். ஒரு நாள் வீட்டுப்பாடத்தை நான் சத்தமாகப் படித்ததைக் கேட்டுவிட்டுப் பாட்டி, "வாங்கப் போறதில்லைன்னா அதுக்கு எதுக்குடா வெலை கேக்கறே?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

லசாஅ, மசாஅ என்று யாராவது சொன்னால் தோசைக் கடை நினைப்பு வேண்டாம். நம்முடைய மீ.சி.ம.வும் மீ.பொ.வ.வும்தான். வர்க்கம் என்றால் நமக்குத் தெரிந்த அதே வர்க்கம். அலுவலகத்தில் 'வர்காவணெ' என்றால் மாற்றல். உங்கள் கஷ்டத்துக்கெல்லாம் வர்க்கமூலம் எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி தொண்ணூறு. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கன்னடத்தில் ஒன்பதுக்கு ஒம்பத்து, தொண்ணூறுக்குத் தொம்பத்து. இடையே ஒரே ஒரு தகரம். நம் காதுக்கு இரண்டுமே ஒன்பதுதான், ஒன்று கொஞ்சம் திக்கிச் சொன்ன ஒன்பது. மேஷ்ட்ரு பலகையில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் இன்னொரு கோட்டை நட்டக்குத்தலாக நிறுத்தி, "லம்பகோன, தொம்பத்து டிகிரி" என்றார். நான் நோட்டில் அழகாகக் கோணமானி வைத்து ஒன்பது டிகிரியில் ஒரு கோணம் வரைந்தேன். பென்சிலைக் கூராகச் சீவி வரைந்தும் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டுதான் நின்றன. செங்கோணம் இவ்வளவு ஒல்லியாக இருக்காதே என்ற சந்தேகம் வந்தது. அந்த ஊர்ச் செங்கோணம் அப்படித்தான் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். மேஷ்ட்ரு என் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. பக்கத்து வகுப்பு மேஷ்ட்ருவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொண்ணூறில் தடுக்கி விழாத மொழி குறைவு. நம்முடையதில் நூறே ஆகாத எண்ணுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது. ஆயிரமே ஆகாத தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. புதுச்சேரியில் 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் கணக்கைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள். பிரெஞ்சில் தொண்ணூறு என்பதை நாலு இருபது பத்து என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணைச் சொல்வதற்குள்ளேயே ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் முடிந்துவிடும். தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அங்கே காற்புள்ளி. நாம் 1,500 என்று எழுதிக் கொடுத்தால் அங்கே படிக்கும் குழந்தை ஒன்றரை என்று வாசிக்கலாம். அந்தக் குழந்தையிடம் கடன் வாங்கும்போது எச்சரிக்கை. செங்கோண முக்கோணத்துக்கு அங்கே 'திரியாங்கிள் ரெக்தாங்கிள்' என்று பெயர், சொல்லுக்குச் சொல் பார்த்தால் செவ்வக முக்கோணம். அதோடு ஒப்பிட்டால் ஹைதாகொரஸ் எவ்வளவோ மேல்.

கனடாவில் 1965-ல் மான்ட்ரியால் பக்கம் செயின்ட் லம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தாங்களாகவே கேட்டு வாங்கிப் பிள்ளைகளைப் பிரெஞ்சு வகுப்பில் போட்டார்கள். அந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'முழுக்கு'. நம் ஊரில் படிப்புக்கு முழுக்குப் போட்டான் என்றால் என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வாக்கியக் கணக்குகளுக்கு வருவோம். யாதவகிரியில் ஆர்.கே.நாராயண் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பையனை ஒரு நடை கூட்டிப் போங்கள். அவர் 1935-ல் வெளியிட்ட 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில் அப்பா பையனுக்கு ஒரு மாம்பழக் கணக்குக் கொடுப்பார். பத்துப் பழத்துக்குப் பதினைந்து அணா, நாலு பழத்துக்கு எவ்வளவு? பையனுக்கோ பழம் பழுத்ததா காயா என்று தெரியாமல் மேலே போக முடியாது. உங்கள் பையனுக்கு அந்தக் கவலை வராது. எந்தச் சொல் பழம், எந்தச் சொல் ஆள் பெயர் என்று பிரிப்பதற்குள் மணி அடித்துவிடும். நான் கண்ட வழி இதுதான்: எண்களை மட்டும் பொறுக்கி எடு, பெரியதைச் சிறியதால் வகு, மீதி வந்தால் பெருக்கிவிடு. மூன்றில் ஒரு தடவை சரியாக வந்தது.

உதவிக்கு ஆள் தேடும்போது மானசகங்கோத்ரிப் பக்கம் போகலாம். 1969 முதல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. மொழியை எப்படிக் கற்பது, கற்பிப்பது என்பதே அங்கே உள்ளவர்களுக்கு வேலை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மாடிவீட்டு மண்டயம் ஐயங்கார் மாமியிடம் என்னை அனுப்பினார்கள். மாமி பேசுவது தமிழ் என்று மாமி நினைத்தாள், கன்னடம் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு வருடம் கழித்துத்தான் இரு தரப்பும் சொன்னதில் பாதிப் பாதி உண்மை என்று தெரிந்தது.

தாத்தாக்களை மட்டும் அடக்கி வையுங்கள். "ராமானுஜன் பொறந்த ஊர்க்காரனுக்கு இவங்க கணக்குச் சொல்லித் தர்றாங்களா?" என்று என் தாத்தா பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டார். ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்தது உண்மைதான். மேஷ்ட்ரு சிரித்துக்கொண்டே மகாவீராச்சாரியாரைச் சொன்னார். ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், 'கணிதசார சங்கிரகம்' எழுதிய ஜைனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கன்னடத்திலேயே கணித நூல் எழுதிய ராஜாதித்யரையும் சேர்த்துக்கொண்டார். அந்த சங்கிரகத்தை 1912-ல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர் சென்னை ரங்காச்சாரியார் என்பது அன்றைக்குத் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால் பேச்சு இன்னும் அரைமணி நீண்டிருக்கும். விளைவு என்னவென்றால், மறுநாளிலிருந்து கஷ்டமான கணக்கு எது வந்தாலும் மேஷ்ட்ரு, "எல்லி நம்ம ராமானுஜன்?" என்று என்னைத் தேடத் தொடங்கினார்.

கடைசியாக, ஆசிரியரை வழியில் சந்தித்தால் பெற்றோர் நடந்துகொள்ள வேண்டிய முறை. செங்கோணச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் போட்டிருந்தோம்: இந்த ஊரில் ஒன்பது மாதிரி எது காதில் விழுந்தாலும் அது தொண்ணூறு. தசரா விடுமுறைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் மேஷ்ட்ருவைப் பார்த்த அப்பா, கணக்குப் பரீட்சையில் எனக்கு எவ்வளவு என்று விசாரித்தார். "ஒம்பத்து" என்றார் மேஷ்ட்ரு. எத்தனைக்கு என்று அப்பா கேட்கவில்லை. இருபத்தைந்துக்கு. அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டு, நேரே சயாஜிராவ் ரோட்டுக்குப் போய் நெய் சொட்டச் சொட்ட அரைக்கிலோ மைசூர்பாக் வாங்கி வந்தார். ஈரோட்டுக்கு டிரங்க் கால் போட்டுத் தாத்தாவிடம், "தொண்ணூறுப்பா!" என்று கத்தினார். டப்பாவைத் திறந்து முதல் துண்டை என் வாயில் ஊட்டினார். இன்னும் சூடாக இருந்தது. டப்பா காலியாகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை, தின்பதற்குத் தவிர.