கரகரப்பு எங்கேருந்து வருது பேராண்டி?

ஏன்டா பேராண்டி, மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் அம்மையார் மேல பாட்டுப் போடுறேன்னு மாடி ரூமைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தியே, என்னாச்சு? ஹெட்போன்ல கேட்டா நாகஸ்வரம் கரகரங்குது, மானிட்டர்ல கேட்டா சுத்தமா இருக்குன்னு உங்க அப்பாயிகிட்ட புலம்புனியாம். வூட்டுலயே ஒரு மைக் செட்டுக் கெழவன் இருக்கேன், என்கிட்ட கேக்கத் தோணல. நான் குழாய் கட்டுன ஆளு, எனக்கென்ன தெரியும்! உனக்கு யூடியூப்ல வெள்ளைக்காரன் வந்து சொல்லணும். காரைக்கால விட்டு அவன் 1954-லயே கப்பலேறிட்டான். உன் மாடிக்கு மட்டும் இன்னும் சேதி வந்து சேரல.

சரி, இஞ்ச வா. ஹெட்போன் வால்யூமைப் பாதியாக் கொற. ஃபேடரை இல்லடா, ஹெட்போன் வால்யூமை. அப்பவும் அதே இடத்துல கரகரன்னா கோளாறு உன் பாட்டுக்குள்ள. கொறச்சதும் அடங்கிட்டா ஹெட்போன்லயோ அதை ஓட்டுற மெஷின்லயோ. ப்ளூடூத்தா இருந்தா ஒயரை மாட்டி இன்னொரு தடவை கேளு. இவ்வளவுதான் சோதனை. இதுக்கு யாரும் கோர்ஸ் ஃபீஸ் வாங்கல, நானும் வாங்கல.

கோளாறு பாட்டுலதான் இருக்கும், உன்னை எனக்குத் தெரியும். அப்ப மானிட்டர் ஏன் சொல்லலைங்கிற? அது சொல்லிச்சு, உன் காதுல விழல. பெட்டியிலேருந்து வர்ற சத்தம் நேரா உன்கிட்ட வர்றதோட செவுத்துல பட்டு, பீரோவுல பட்டு, கூரையில பட்டும் வருது. அதுக்கு மேல ஃபேன் சத்தம். சின்னப் பொரிச்சல் அதுல அமுங்கிடும். போதாததுக்குச் சின்ன மானிட்டரைச் சத்தமா வச்சா, அடிச்சுரத்துல அதோட சொந்தக் கரகரப்பே நல்ல ஹெட்போனை விட அதிகமா வரும். ஹெட்போனுக்கு ரூமும் கிடையாது செவுரும் கிடையாது, காதுக்குப் பக்கத்துலயே நின்னு கோள் சொல்லும். பொரிச்சலைப் பிடிக்கிற விஷயத்துல அந்தக் கோளை நம்பு.

கம்ப்யூட்டர்ல பூஜ்யம் டெசிபல்தான் உச்சி. அதுக்கு மேல போன அலையோட தலை மட்டமா வெட்டுப்படும், அதுதான் கிளிப்பிங். வெட்டுன இடத்துலேருந்து பாட்டுல இல்லாத புதுச் சுரமெல்லாம் முளைக்கும். தவில் அடியில வெட்டுப்பட்டா சட்டுனு தெரியாது, அந்த அடி கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள போயிடும். புல்லாங்குழல்ல மறைக்கவே முடியாது, அவ்வளவு வழுவழுப்பான ஓசை. நாகஸ்வரம் பிறவியிலேயே உப-ஓசை நெறைஞ்ச வாத்தியம், கொஞ்சம் வெட்டுனாலும் உள்ளுக்குள்ளயே மறைச்சுக்கும். அந்த நாகஸ்வரமே காட்டிக் குடுக்குதுன்னா எவ்வளவு வெட்டியிருப்பே! அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்துல ஏழு சுரத்தையும் சொல்லி, வாத்தியங்களையும் பேர் பேரா அடுக்கியிருக்காங்க. அந்த வரிசையில கிளிப்பிங்னு ஒரு வாத்தியம் இல்லடா.

உடனே ஹெட்போனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடாதே. அதுக்கும் பொய் சொல்லத் தெரியும். இடது பக்கச் சத்தம் இடது காதுக்கு மட்டும், வலது வலதுக்கு மட்டும். வெளி உலகத்துல எந்தச் சத்தமாவது அப்படி வருதா? அதனாலதான் பாட்டு உன் மண்டைக்குள்ளயே நடக்குற மாதிரி இருக்கு. எதிரொலி எவ்வளவு, அடிச்சுரம் எவ்வளவு, எது எந்தப் பக்கம்னு அதை வச்சுத் தீர்ப்புச் சொல்லாதே. அதுக்கு மானிட்டர். ஆனா உன் ரூம் பத்தடின்னா 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சுரம் மட்டும் எடத்துக்கு எடம் ஏறி எறங்கும். நாற்காலியை நகத்தி நகத்திக் கேளு. காரைக்கால் எல்லையில வாஞ்சூர் தாண்டினா சரக்கு விலை மாறுற மாதிரி, ரூமைத் தாண்டினா பாட்டும் மாறும்.

மானிட்டர்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஸ்டீரியோவுல பதிவான ‘பிரியா’ படப் பாட்டு வந்த 1978-லதான் யமஹா என்எஸ்-10ன்னு வூட்டுக்கு ஒரு பெட்டி போட்டுச்சு. வூட்டுல எடுபடல. ஸ்டுடியோக்காரன் எடுத்து வச்சுக்கிட்டான், ஏன்னா அது எதையும் இனிப்பாக் காட்டாது. 2001-ல செய்யறதை நிறுத்திட்டாங்க. 2008-ல அந்தப் பெட்டிக்காக யமஹாவுக்குத் தொழில்நுட்ப கிராமி குடுத்தாங்க. நீ வாங்குன பெட்டி எல்லாத்தையும் இனிக்க இனிக்கக் காட்டுதுங்கிற. பெருமையாவும் சொல்லுற!

கடைசியில உன் பாட்டு எதுல கேக்கப் போவுது? பாரதியார் வீதியில கட்டுற குழாய்ல. அதுல அடிச்சுரமும் கிடையாது, ஸ்டீரியோவும் கிடையாது. அகலமா இருக்கட்டும்னு இடதுக்கு வலதைத் தலைகீழாத் திருப்பி வச்ச குரல் அங்க காணாமப் போயிடும். மோனோவுல ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அப்புறம் பெருமை பேசு.

அந்த ஹெட்போனையும் ராப்பகலா மாட்டிக்கிட்டுக் கிடக்காதே. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல்னா 4 மணி நேரம்னு உலக சுகாதார நிறுவனமே கணக்குச் சொல்லியிருக்கு. நீ வக்கிற சத்தத்துக்கு உன் வாரம் திங்கக்கிழமையே முடிஞ்சிடும்.

பதிவுலயே வெட்டுப்பட்டதை ஃபேடரைக் கொறச்சு ஒட்ட முடியாது. நாகஸ்வரக்காரரைத் திரும்பக் கூப்பிடு. மைக்கைத் தள்ளி வை, 24 பிட்டுல உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமப் பாத்துக்க. இந்தத் தடவை அவருக்கு வெத்தலை பாக்கோட பணமும் வச்சுக் கூப்பிடு, ஓசியில கூப்பிடாதே.