நல்ல தண்ணீரில் கழுவிய படங்கள்

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று போலீஸார் எத்தனை முறை சொன்னாலும், ராமேஸ்வரம் வருகிறவர்கள் அங்கே ஒருமுறை இறங்கி நிற்காமல் ஊர் திரும்புவதில்லை. மண்டபம் பக்கமிருந்து ரயில் வருகிறது என்று யாராவது குரல் கொடுத்துவிட்டால், கைப்பிடிச் சுவர் நெடுகச் செல்போன்கள் எழும்பும். வண்டி பாலத்தைத் தாண்டுவதற்குள் படம் மதுரைக்கும் துபாய்க்கும் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பதிலும் வந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நானும் நிற்கும்போது இந்தச் சாலைப் பாலமே இல்லாத காலம் நினைவில் எழும். 1988இல் இது திறக்கப்படும்வரை தீவுக்குப் போக ரயில், இல்லாவிட்டால் படகு. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின்மேல் அப்போது ரயிலில் போகலாம், வாசற்படியில் நின்று உப்புக் காற்று வாங்கலாம், கடலில் சில்லறை எறிந்து கும்பிடலாம். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவன் அந்த ரயிலைப் படம் எடுக்க முடியாதே. அதற்குக் கரையில் இறங்கி நின்று அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் என் தாய்மாமா. ராமநாதபுரத்தில் அரண்மனை வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளி விடுமுறை விட்டால் எனக்குச் சோறும் தூக்கமும் அங்கேதான். அவருடைய கேமரா யாஷிகா மேட் 124ஜி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். கழுத்தில் மாட்டி, வயிற்றோடு அணைத்து, குனிந்து மேலிருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் உலகம் நிமிர்ந்துதான் தெரியும், இடமும் வலமும் மட்டும் மாறியிருக்கும். மண்டபத்திலிருந்து வரும் ரயில் கண்ணாடிக்குள் ராமேஸ்வரத்திலிருந்து வரும். அந்தச் சின்ன சதுரத்துக்குள் தப்பான திசையிலிருந்து நுழையும் எஞ்சினைப் பார்க்க நான் மாமாவின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தலையை நுழைப்பேன். "அசையாமெ நில்லுடா" என்பார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு ரோலுக்கு 12 படம். பாலத்துக்கு ஒன்று, மனம் மிகவும் கேட்டால் இரண்டு. மற்றதெல்லாம் கல்யாண வீட்டுக்கும் காதுகுத்துக்கும்.

அந்தக் கால ஸ்டுடியோவை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். வாசலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, சங்கிலியில் கட்டிய சீப்பு, ஒரு பவுடர் டப்பா. உள்ளே பூந்தொட்டியும் மாளிகைப் படிக்கட்டும் எழுதிய திரை. கடலையே பார்த்து வளர்ந்த தங்கச்சிமடத்துக்காரர்கள் மலையும் அருவியும் எழுதிய திரையைக் கேட்பார்கள். கமுதி பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து வருகிறவர்கள் கடல் திரையைக் கேட்பார்கள். இல்லாததின் முன்னால் நிற்க எல்லோருக்கும் ஆசை இருந்தது, அதை நிறைவேற்றித் தருவதை மாமா ஒரு கடமையாகவே வைத்திருந்தார்.

பிலிம் எங்கள் வெயிலுக்குச் சம்பந்தமில்லாத ஊரிலிருந்து வந்தது. ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தியை ஆரம்பித்தது. தூசி குறைந்த காற்றும் குளிர்ச்சியும் நல்ல தண்ணீரும் பிலிம் செய்ய வேண்டும், அதனால்தான் மலைமேல் ஆலை. 'இந்து' என்று பெயர் போட்ட அந்தப் பெட்டிகள் நீலகிரிக் குளிரிலிருந்து இறங்கி எங்கள் கத்திரி வெயிலுக்கு வந்து சேரும். கேமராவும் உள்நாட்டில் கிடைத்தது. வதோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3, வெயிலா மேகமா என்று பார்த்து ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும் என்ற எளிமையோடு, நடுத்தர வீட்டு அலமாரிகளுக்குள் நுழைந்தது. எனக்கு அது கிடைத்த அன்று, இனி நம்மிடமிருந்து எதுவும் தப்ப முடியாது என்று நினைத்துக்கொண்டு அக்னி தீர்த்தக் கரையில் நடந்த அந்தப் பையனை இன்றும் எனக்குப் பிடிக்கும்.

படம் எடுப்பதைவிடப் பெரிய வேலை கழுவுவது. டெவலப்பர் 20 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ராமநாதபுரத்தில் மே மாதக் குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு, பிலிமின் மேல்பூச்சே இளகிவிடும். மீன் வண்டிக்கு ஏற்றும் ஐஸ் பாரில் ஒரு துண்டை வைக்கோலில் சுற்றி வாங்கி வருவது என் பொறுப்பு. அதைவிடப் பெரிய சங்கடம், எங்கள் ஊர்க் கிணற்று நீர் உப்பு. ஹைப்போ ரசாயனம் முழுக்கப் போகும்வரை படத்தை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நல்ல தண்ணீருக்கோ பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர். அத்தை இரண்டு குடம் கொண்டுவந்தால் ஒன்று அடுப்படிக்கு, ஒன்று இருட்டறைக்கு. சிவப்பு விளக்கின் அடியில், வெள்ளைத் தாளில் முதலில் புருவம், பிறகு மீசை, பிறகு பட்டன் என்று ஒரு மனிதர் தண்ணீருக்குள் மேலெழுந்து வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களுக்கு அதற்கு ஈடாக எதையும் சொல்லத் தோன்றாது.

அப்புறம் வெளிநாட்டுக் கேமராக்கள் வந்தன. கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்கும் கொழும்புக்கும் போய்வந்த சபராளிகளின் பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் நடுவே ஒரு ஜப்பான் கேமரா இருக்கும். "இதுலே எதையும் திருக வேணாம், மாப்ளே, அமுக்குனா போதும்" என்று எங்கள் தெரு பாய் ஒருவர் மாமாவிடம் காட்டியபோது, இத்தனை வருஷம் திருகப் பழகியிருந்த மாமாவின் விரல்கள் அந்தக் கேமராவைச் சுற்றிச் சுற்றித் தடவின. வண்ண ரோல்கள் மதுரை லேபுக்கு பஸ்ஸில் போய்த் திரும்பும். 36 படம் என்று போட்டிருந்தால் கவனமாகச் சுற்றி 37, 38 எடுப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி. கவர் வந்த அன்று தெருவே கூடும், ஒரே படம் பத்துக் கைகள் மாறி, பாட்டியின் கண்ணாடிக்கு அருகே போய், "யாருடி இது?" என்ற கேள்வியோடு திரும்பி வரும்.

இந்தச் சமயத்திலெல்லாம் ஒரு போட்டி எங்களுக்குத் தெரியாமல் தொடங்கியிருந்தது. 1975இல் அமெரிக்காவில் கோடக் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 100க்கு 100 புள்ளிகளில் ஒரு படத்தைப் பிடித்து, அதை கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. பிலிமை விற்றே வளர்ந்த கம்பெனி அதை வேகமாக முன்னால் கொண்டுவரவில்லை; மற்றவர்கள் கொண்டுவந்தார்கள். 1995இல் கேசியோ, எடுத்த படத்தை உடனே பின்பக்கத் திரையில் காட்டியது. 1999இல் நிக்கான் டி1 பத்திரிகைக்காரர்களின் தோளில் ஏறியது, 27 லட்சம் புள்ளிகளோடு. 2003இல் கேனான் 300டி, 63 லட்சம் புள்ளிகளை ஆயிரம் டாலருக்குள் தந்ததும் கல்யாண போட்டோகிராபர்களின் உலகம் புரண்டது. பிறகு மெகாபிக்ஸல் ஓட்டம். ஒருவர் 8 என்றால் அடுத்தவர் 10, அவர் 12. 2008இல் கேனான் 5டி மார்க் 2 முழு ஹெச்டி வீடியோவும் எடுத்ததும், தனித்தனியாக வந்துகொண்டிருந்த போட்டோக்காரரும் வீடியோக்காரரும் ஒரே ஆளானார்கள்.

அந்தப் போட்டியில் கேமரா செய்தவர்கள் தீர்த்துவைத்த ஒவ்வொன்றும் எங்கள் கரையின் ஒரு கஷ்டம் என்பதால் நான் அவர்களை நன்றியோடுதான் நினைக்கிறேன். முதலில், அத்தையின் ஒரு குடம் தண்ணீர் அடுப்படிக்கே திரும்பியது. அடுத்தது தூசி. தனுஷ்கோடி மணலில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் மண் ஒட்டி, எடுத்த எல்லா வானத்திலும் கறுப்புப் பொட்டு விழும்; 2003இல் ஒலிம்பஸ் இ-1, சென்சாருக்கு முன்னாலிருக்கும் தகட்டை அதிரவைத்துத் தூசியை உதறியது, சோனியும் கேனானும் தொடர்ந்தன. மூன்றாவது இருட்டு. விடியுமுன் ராமேஸ்வரம் ஜெட்டியில் விசைப்படகுகள் கரைசேரும் நேரத்தை பிளாஷ் போட்டால் கெடுத்துவிடும், போடாவிட்டால் படமே விழாது. 2007இல் வந்த நிக்கான் டி3, பிலிமுக்கு எட்டாத அந்த மங்கலில் வலையைத் தோளில் போட்டு நடக்கும் மனிதனின் முகத்தைப் பிடித்தது. நான்காவது சத்தம். பூநாரைகள் நிற்கும் தரவையில் ஷட்டர் தட்டும் ஓசைக்கே கூட்டம் எழும்பிப் பறந்துவிடும். 2021இல் நிக்கான் இசட்9 இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டது. அதே வருஷம் சோனி ஏ1, பறக்கும் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்தது. தமிழ்நாடு அரசு 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்த அந்த நீர்ப்பரப்பின் ஓரத்தில் இன்று ஒரு கல்லூரிப் பெண் எடுக்கும் படத்தை, அந்தக் காலத்தில் பெரிய பெரிய ஆட்கள்கூடக் கனவில்தான் எடுத்திருப்பார்கள்.

ஆனால் இத்தனையும் செய்தவர்களைப் பின்தள்ளியது சட்டைப்பையிலிருந்த போன். 2010இல் ஜப்பானிய நிறுவனங்கள் சந்தைக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2020இல் ஒரு கோடிக்கும் கீழே. மாமா கைப்பழக்கத்தால் அறிந்ததை, இருட்டில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, போன் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிறது. கோடக் 2012இல் திவால் மனு கொடுத்தது. ஊட்டி ஆலை 1990களிலேயே நலிந்த நிறுவனமானது, பிறகு மூடப்பட்டது. ஃபியூஜி மட்டும் பிழைக்கும் வழி கண்டது. பிலிமின் ஜெலட்டினையும், வண்ணம் மங்காமல் காக்கும் ரசாயன அறிவையும் வைத்து முகப்பூச்சு விற்க ஆரம்பித்தது.

எங்கள் கரையில் இந்தப் போட்டியின் பெரிய பலன் வேறு. மாமாவின் காலத்தில் மீனவர்கள் கேமராவுக்கு முன்னால் நிற்பவர்கள். வெளியூரிலிருந்து பெரிய லென்ஸோடு வருகிறவர்கள் அவர்களை எடுத்துக்கொண்டு போவார்கள், எடுத்த படம் திரும்பி வராது. இன்று மூக்கையூரிலிருந்து 'உங்கள் மீனவன்' என்ற பெயரில் யூடியூபில் கடலைக் காட்டுகிறவர் கடலுக்குப் போகிறவர். எந்த மீன் எந்த வலையில் வரும், காற்று மாறினால் படகில் என்ன செய்வார்கள் என்பதை அவர் வாயாலேயே, அவர் ஊர்ப் பேச்சிலேயே உலகம் கேட்கிறது. இருட்டறையின் இழப்பை நான் ஏற்றுக்கொள்வதற்கு இது ஒன்றே போதும்.

ஏற்றுக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டபோது அதோடு போனவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு படம்கூட இல்லை. அங்கே இடிந்து நிற்கும் தேவாலயத்தின் முன்னால் இன்று கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங் நடக்கிறது. ஒரு ஜோடிக்கு ஆயிரக்கணக்கில் படம். இளையவர்கள் அங்கே சிரிப்பதில் எனக்கு வருத்தமில்லை, அந்த மண்ணும் சிரிப்பைக் கேட்கட்டும். என் கேள்வி, அந்த ஆயிரம் படங்கள் அவர்களுடைய பேரப்பிள்ளை கைக்குப் போகுமா என்பது. மாமா கழுவிய கறுப்பு வெள்ளைப் படங்கள், குடிநீரைச் செலவழித்து அலசப்பட்டவை, எங்கள் வீட்டில் இன்றும் கறுப்பாகவும் வெள்ளையாகவும் இருக்கின்றன. அதற்கடுத்து வந்த வண்ணப் படங்களில் செம்மை ஏறி, அம்மாவின் பச்சைச் சேலை எந்த நிறம் என்று சொன்னால்தான் தெரியும். அதற்கும் பிந்தியவை சி.டி.யில் இருக்கின்றன, சி.டி. ஓடும் இயந்திரம் வீட்டில் இல்லை. நேற்றையவை போனில், கடலோரத்தில் ஒரு போன் நழுவ ஒரு அலை போதும்.

படம் எடுப்பதற்காகக் கேமரா செய்தவர்கள் ஐம்பது வருஷம் போட்டியிட்டார்கள். தூசியை வென்றார்கள், இருட்டை வென்றார்கள், பறவையின் கண்ணைப் பிடித்தார்கள். இனி காப்பதில் போட்டியிடட்டும். இரும்பையே தின்னும் உப்புக் காற்றில், மின்சாரம் போகும் புயல் ராத்திரியில், கம்பெனியே மூடிப்போன பிறகும், பாம்பனில் ஒரு வீட்டுச் சுவரில் நூறு வருஷம் நிற்கும் படத்தைச் சாமானியன் விலையில் யார் தருகிறார்களோ, அவர்கள்தான் ஜெயித்தவர்கள் என்று நான் சொல்வேன். அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள்: வருஷத்துக்கு ஒரு படத்தையாவது பிரிண்ட் போடுங்கள், பின்னால் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதுங்கள், வீட்டில் எல்லோரும் கைமாற்றிப் பாருங்கள். "யாருடி இது?" என்று கேட்க ஒரு பாட்டியும், பதில் சொல்ல ஒரு பேத்தியும் இருக்கும்வரை அந்தப் படத்துக்கு மெகாபிக்ஸல் எத்தனை என்று யாரும் கேட்கப்போவதில்லை.