பத்துக் கோல் நிலம்

இங்கிலாந்தில் காய்கறி பயிரிட உள்ளாட்சி மன்றமே நிலம் தருகிறதாமே! எவ்வளவு?

முழு மனை பத்துக் கோல். சுமார் 250 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்று மேல். வாடகைக்குத்தான், பட்டா கேட்கக் கூடாது. புதியவருக்குப் பாதி மனை தருவதே இப்போது பல ஊர்களில் வழக்கம். முதுகுக்கு அதுவே அதிகம்.

விண்ணப்பித்தால் உடனே கிடைக்குமா?

விண்ணப்பித்த அன்று பிறந்த குழந்தை மண்வெட்டி பிடிக்கும் வயதில் கிடைக்கலாம். லண்டனின் சில பகுதிகளில் காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டும்.

அங்கே கோழி வளர்க்கலாமா?

1950ஆம் ஆண்டுச் சட்டம் கோழிக்கும் முயலுக்கும் இடம் கொடுத்தது, வியாபாரம் செய்யாதவரை. ஆனால் சலுகை பெட்டைக்கு மட்டும். சேவலுக்குப் பேச்சுரிமை இல்லை!

நிலம் கைக்கு வந்ததும் முதல் வேலை?

உழும் இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவது. தரிசாகக் கிடந்த மனையில் பெரும்பாலும் 'பைண்ட்வீட்' என்ற களைக்கொடி குடியிருக்கும். வேர் வெள்ளைவெளேரென்று, வெந்த சேமியா மாதிரி, தொட்டாலே ஒடியும். ஒடிந்த ஒவ்வொரு துண்டும் தனிக்கொடியாகும். இயந்திரம் ஓட்டுவது அதற்கு விதைப்பு. கால் பங்கை மட்டும் கையால் கொத்தி, வேரைப் பொறுக்கிவிட்டு உருளைக்கிழங்கு ஊன்றுவதும், மீதியைக் கறுப்பு ஷீட்டால் மூடிவைப்பதும் அனுபவசாலிகள் வழி. மூடிய நிலத்துக்கும் வாடகை உண்டு.