மருமவனே, மொதல்ல வட்டியைக் கேளும்

வாரும் மருமவனே, அந்தச் செல்போனைக் கொஞ்சம் பைக்குள்ள வையும். கூடங்குளத்துக் கரண்டு யூனிட்டு நாலு ரூபா சொச்சம்தான், 2047-க்குள்ள ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம்னு 2025 பட்ஜெட்டுலயே சொல்லியாச்சு, இனி நாட்டுக்குக் கவலையே இல்லைன்னு காலையில இருந்து டீக்கடையில பிரசங்கம் பண்ணுதீராம். நல்லாத்தான் இருக்கு. போற போக்குல இந்தக் கிழவன் சொல்லுத ரெண்டு வார்த்தையையும் கேட்டுட்டுப் போம்.

அந்த நாலு ரூபாயில யுரேனியத்துக்குப் போறது கொஞ்சம்தான் வே. அனல் மின்நிலையத்துல கரிதான் தின்னுது. அணு உலையில கட்டடமும் கடனும்தான் தின்னுது. நீரு ஐந்தருவி ரோட்டுல லாட்ஜ் கட்டப் போறேன்னு பேங்க் பேங்கா ஏறி இறங்குதீருல்லா, அதே சங்கதிதான். லாட்ஜுல சோப்புக்கும் துண்டுக்குமா பெருஞ்செலவு? ரூம் காலியாக் கிடந்தாலும் மாசம் பொறந்தா வட்டி கட்டணும். இந்த வருசம் சாரல் பொய்ச்சுப் போச்சுய்யான்னு அழுதா மேனேஜர் கண்ணைத் தொடைச்சு விடுவாரா?

கூடங்குளக் கதையைப் பாரும். 1988-ல ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்துப் போட்டாவ. மூணு வருசத்துல இவரும் போயிட்டாரு, அவரு நாடும் போயிட்டு. கையெழுத்துப் போட்டுப் பத்து வருசம் கழிச்சு ரஷ்யாக்காரன் கூட ஒப்பந்தத்தைத் தூசி தட்டி எடுத்து, 2002-ல காங்கிரீட் போட்டாவ. மொத ரெண்டு உலைக்கும் மதிப்பு 13,171 கோடி. 2007-ல ஒண்ணு, 2008-ல ஒண்ணு முடிஞ்சிரும்னு சொன்னாவ. மொத உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் கடைசியில. ரெண்டாவது 2017 மார்ச்சுல. செலவு 22,462 கோடி. வேலை இழுத்ததும் செலவு ஏறினதும் மத்தியத் தணிக்கைத் துறையே 2017-ல அறிக்கையா எழுதி வச்ச சமாச்சாரம். நானா இட்டுக்கட்டுதேன்?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இடிந்தகரைச் சனம் போராடித்தான் தாமதமாச்சுன்னு நீருந்தான் அன்னைக்குச் சொன்னீரு. போராட்டம் பெருசானது 2011-ல, புகுஷிமாவுக்குப் பொறவு. உலை முடிஞ்சிருக்க வேண்டியது 2007-ல. நடுவுல கிடக்குத நாலு வருசத்துக்கு எந்த மீன்காரி குறுக்க உக்காந்தா? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லும்.

சரி, ஓட்டுத விதத்துக்கு வருவோம். உலைக்குள்ள 163 எரிபொருள் கட்டு. தண்ணி முந்நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. நாம சுவாசிக்கிற காத்தோட அழுத்தத்தைப் போல நூத்தம்பது மடங்குக்கு மேல போட்டு அமுக்கி வச்சிருக்கான். அந்தத் தண்ணியில போரிக் அமிலம் கலந்திருக்கும். கேரம் போர்டுல தூவுவீரே, சாட்சாத் அந்தப் பவுடர்தான்! அணுவைப் பிளக்குத நியூட்ரானை அது விழுங்கும். எரிபொருள் தேயத் தேய அமிலத்தைக் குறைச்சுக்கிட்டே வருவாவ. அவசரம்னா மேல இருந்து கம்பிகள் விழும். சில நொடியில தொடர்வினை நின்னு போவும்.

நின்னுட்டுதேன்னு வீட்டுக்குக் கிளம்பிராதேயும். 3000 மெகாவாட் வெப்பத்துல, நிறுத்தின நிமிசத்துலயும் ஆறேழு சதம் உள்ளயே கிடந்து கொதிக்கும். அதுவே இருநூறு மெகாவாட். புகுஷிமாவுல நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காத்தான் நின்னுது. பொறவு வந்த சுனாமியில டீசல் ஜெனரேட்டர் மூழ்கி, பம்பு ஓடாம, மிச்சச் சூட்டுலதான் உருகிச்சு. கூடங்குளத்துல கரண்டே இல்லாம காத்தால சூட்டை எடுக்க ஒரு ஏற்பாடு வச்சிருக்கான். அப்படியும் உருகினா ஏந்திக்கிட அடியில ஒரு தொட்டியும் உண்டு. அதை மெச்சத்தான் வேணும்.

இப்ப நம்மூருக்கு வாரும். ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியாக் காத்து கிளம்புதுல்லா, குற்றாலத்துல சாரல் அடிக்குத அதே காத்து சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காத்தாடி எல்லாத்தையும் சுத்த விடுது. காத்துக்குக் காசு கிடையாது, வந்தா வாங்கியே ஆகணும். அணு உலையோ, ராவும் பகலும் முழுசா ஓடினாத்தான் வட்டி கட்டும். அதைக் குறை, கூட்டுன்னு அடிக்கடி திருகவும் முடியாது. குறைச்சா உள்ள செனான்னு ஒரு வாயு சேர்ந்துக்கிட்டு நியூட்ரானைத் தின்னும். எரிபொருள் தேஞ்ச நேரத்துல சட்டுன்னு நிறுத்தினா, அந்தச் செனான் கரையுற வரைக்கும், ஒரு நாளைக்கு மேலகூட, கை கட்டிக்கிட்டு நிக்கணும். ரெண்டு பேருமே "என்னை வாங்கு"ன்னு நின்னா, குறைஞ்சு போறது தூத்துக்குடிக் கரி உலைதான். எரிபொருள் மாத்த அணு உலையை நிறுத்துத லீவை மட்டும் காத்து சீசன்ல போடச் சொல்லும். டீக்கடையில பேசுத நேரத்துக்கு இதை ஒரு மனுவா எழுதிப் போட்டாலும் பிரயோசனம் உண்டு.

வாரக் கரண்டு எல்லாம் நமக்குத்தான்னும் நினைக்காதேயும். கேரளா, கர்நாடகம், பாண்டிச்சேரிக்கும் பங்கு உண்டு. திருநெல்வேலியில இருந்து மலையைத் தாண்டி, இடமண் வழியா கொச்சிக்குப் போறதுக்கு 400 கேவி லைன் போட்டாவ. கூடங்குளத்துல மொதல்ல கரண்டு வந்தது 2013-ல, அந்த லைன் முடிஞ்சது 2019-ல. கேரளாக்காரன் ரப்பர் தோட்டத்துக்கு நஷ்டஈடு பேசி முடிக்கவே அத்தனை வருசம். இடையில அவன் குற்றாலத்துக்குக் குளிக்க வாரதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தலை.

கடைசியா ஒண்ணு. எரிஞ்ச எரிபொருளை ரஷ்யாவே எடுத்துக்கிடும்னுதான் 1988-ல பேச்சு. பொறவு, அது நம்மகிட்டயே இருக்கட்டும்னு மாத்திக்கிட்டாவ. நாப்பது அறுவது வருசம் ஓடின பொறவு உலையைப் பிரிச்சு எடுக்குத செலவுக்கு யூனிட்டுக்கு ரெண்டு பைசா பிடிக்காவ. ரெண்டே பைசா வே! அது பத்துமா, பத்தாதான்னு கணக்குப் பாக்க உம்ம பேரன் இருப்பான். நான் இருக்க மாட்டேன். அதனால தைரியமாச் சொல்லுதேன், கட்டட்டும்.