ஒரே பெஞ்சில் அன்னமும் எருமையும்

சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கி, 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் பற்றி வாய் திறப்பதற்கு முன்பாகவே, பாயிரம் என்னும் பெயரில் ஆசிரியர்களையும் மாணாக்கர்களையும் நன்றாக உரைத்துப் பார்த்துவிட்டார். பாலையும் நீரையும் கலந்து வைத்தால் பாலை மட்டும் பருகும் அன்னமும், வயிறார மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. உழுதவனின் முயற்சிக்குத் தக்கபடி விளையும் மண்ணும், சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியும் இடைமாணாக்கருக்கு உவமை. ஓட்டைக் குடம், செடிக்குச் செடி தாவி நுனியைக் கடிக்கும் ஆடு, குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பன்னாடை ஆகிய நான்கும் கடைமாணாக்கருக்கு உவமை. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குத் தமிழ் போதிக்கும் உத்தியோகத்திலேயே தலை நரைத்துவிட்ட எனக்கு, இந்த ஜாபிதாவில் ஒரே ஓர் ஆட்சேபம் உண்டு. முனிவர் எட்டுப் பேரைப் பார்த்து எட்டு உவமைகளைச் சொன்னார் போலும். நானோ, குழந்தைப் பருவத்தை விட்டும் விடாமலும் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, ஒரே பாடவேளைக்குள் எட்டு அவதாரங்களையும் எடுத்து முடிப்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

கிளியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒருமுறை ஏழாம் வகுப்புக்கு 'நான் விரும்பும் தலைவர்' என்னும் தலைப்பைக் கொடுத்து, அவரவர் மனத்தில் உள்ளதை அவரவர் நடையில் எழுதிவருமாறு சொல்லி அனுப்பினேன். மறுநாள் மேஜைமேல் குவிந்த கட்டுரை நோட்டுகளைப் புரட்டியபோது, வகுப்பு முழுவதும் கட்சி பேதம் இல்லாமல் ஒரே தலைவரை விரும்பியிருப்பதும், ஒரே காரணங்களுக்காக ஒரே வரிசையில் விரும்பியிருப்பதும், அவரை 'எலிமையின் சிகரம்' என்று ஏகோபித்துப் புகழ்ந்திருப்பதும் தெரியவந்தன. கடைத்தெருவில் விற்கும் ஏதோ ஒரு வழிகாட்டி நூலில் அச்சுப்பிழையின் கிருபையால் எளிமை எலிமையாக மாறியிருக்கிறது. அந்தத் தலைவரின் எளிமையை நாடு மறந்தாலும் அந்த எலியை எங்கள் பள்ளிக்கூடம் மறக்காது. ஒரே ஒரு மாணவன் மட்டும் 'எளிமை' என்று சரியாக எழுதியிருந்தான். பாராட்டுவதற்காக அவனை அருகில் அழைத்தேன். அவனோ நடுங்கிக்கொண்டே, "பாத்து எழுதறப்போ தப்பாயிடுச்சுங்க ஐயா, மாத்திடறேன்" என்றான்.

ஓட்டைக் குடத்தின் பெருமை இலக்கண வகுப்பில்தான் பிரகாசிக்கும். வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்னும் பகுதியைப் போதித்து, 'படிக்கப் போனான்' என்பதில் ஒற்று மிகும் என்றும், 'படித்த பையன்' என்பதில் மிகாது என்றும், முன்னது வினையெச்சம், பின்னது பெயரெச்சம் என்றும் கரும்பலகை நிறைய எழுதிக் காட்டினேன். நெடுநேரம் அதை உற்றுப் பார்த்த ஒருவன் எழுந்து, "படிக்கப் போறவனுக்கு ஒரு 'ப்' சும்மாவே கிடைக்குது, படிச்சு முடிச்சவனுக்கு ஒண்ணுமே கிடைக்கலையேங்க ஐயா?" என்று நியாயம் கேட்டான். தேசத்தின் தற்கால நிலைமையை உத்தேசித்து, நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

பரீட்சை வந்தபோது விதி ஒழுகிப்போய், குடம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆனால் வெறும் குடத்துக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு என்பதை அவனுடைய விடைத்தாள் எனக்கு உணர்த்திற்று. ஒற்று வருமா வராதா என்று சந்தேகம் தோன்றிய இடத்திலெல்லாம், இரண்டு சொற்களுக்கும் நடுவே, எறும்பின் கால் அளவில் ஒரு 'ப்' போட்டிருந்தான். வரவேண்டிய இடமாயின், இதோ இருக்கிறது. வரக்கூடாத இடமாயின், அது பேனா கசிந்த கறை. உண்டென்றும் இல்லையென்றும் சொல்ல முடியாத வஸ்துவைப் பற்றி வேதாந்திகள் பெரிய பெரிய கிரந்தங்கள் எழுதியிருக்கிறார்கள். இவன் அதை ஒரு சொட்டு மைக்கும் போதாத ஓரிடத்தில் எழுதிக் காட்டிவிட்டான். பாதி மதிப்பெண் கொடுத்தேன்.

குளத்தைக் கலக்குகிறவர்களைக் காண வேண்டுமானால், சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்லிப் பார்க்க வேண்டும். பெருந்தன்மை, மெய்ம்மறதி, இன்னல், புறக்கணி என்று நான்கு சொற்களைக் கொடுத்தால், 'பெருந்தன்மை என்னும் சொல்லை ஐயா கரும்பலகையில் எழுதினார்', 'மெய்ம்மறதி என்னும் சொல்லையும் ஐயா கரும்பலகையில் எழுதினார்' என்று நான்கையும் ஒரே வாய்க்காலில் பாய்ச்சிவிடுவார்கள். வாக்கியத்தில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, செயப்படுபொருளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னது சத்தியம். சிவப்பு மைக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் பன்னாடையின் விஷயம் இவ்வளவு சுலபமன்று. பறம்பு மலையை ஆண்ட பாரி, பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுச் சென்ற வரலாற்றை, மதிய உணவுக்குப் பிந்திய பாடவேளையில், என்னால் இயன்ற உருக்கத்தோடு சொல்லி முடித்தேன். மாணாக்கன் சித்திரப் பதுமையைப்போல் அடங்கி அமர்ந்து பாடம் கேட்க வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த விதி. அந்த வேளையில் என் வகுப்பில் சித்திரங்களுக்குக் குறைவில்லை, கண்கள் மட்டும் திறக்கப்படாத சித்திரங்கள். அவற்றுள் ஒன்று திடீரென்று விழித்து, "அப்புறம் பாரி வீட்டுக்கு எப்படிங்க ஐயா போனாரு?" என்று கேட்டது.

"குதிரையை அவுத்துக்கிட்டு அதுமேல ஏறிப் போயிருப்பாருடா" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"குதிரையில போனா அது பாதித் தானந்தான். நடந்தே போயிருந்தாத்தாங்க ஐயா அது பெரிய தானம்" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்.

கொடையை ஒழுகவிட்டுக் குதிரையைப் பிடித்துக்கொண்ட கூட்டம் என்று இவர்களைப் பன்னாடைக் கணக்கில் சேர்ப்பதா, வள்ளன்மையை வள்ளல் நடந்த தூரத்தைக் கொண்டு அளக்கத் தெரிந்த அன்னங்கள் என்று கொண்டாடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

இவ்வளவு யோசனைக்கும் காரணமான அந்த எட்டு உவமைகளை, பாடத்திட்டத்துக்குப் புறம்பான விஷயமாயினும், ஒருநாள் எட்டாம் வகுப்பில் சொல்லிவைத்தேன். எருமை யார், ஆடு யார் என்று தங்களுக்குள் வெகு உற்சாகமாகப் பட்டம் வழங்கிக்கொண்ட பிறகு, "வாத்தியாருங்களைப் பத்தி அவரு ஒண்ணும் எழுதலையாங்க ஐயா?" என்று கேட்டார்கள். எழுதியிருக்கிறார். ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் நான்கு உவமைகளை வைத்திருக்கிறார்: போட்ட வரிசையில் கொட்டாமல் கன்னாபின்னாவென்று கொட்டும் கழற்காய்க் குடம், தானே உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க முடியாத மடற்பனை, அடைப்பதும் சிரமம், எடுப்பதும் சிரமம் என்றிருக்கும் பருத்திக் குண்டிகை, வேரில் நீர் வார்த்தவனை விட்டுவிட்டு அயலான் கொல்லையில் காயை உதிர்க்கும் முடத்தெங்கு. இவற்றுள் என்னை எதில் சேர்ப்பார்கள் என்று சற்றே கலக்கத்தோடு காத்திருந்தேன். அவர்கள் விவாதிக்கவே இல்லை, "முடத்தெங்கு!" என்று ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். காரணம் கேட்டதற்கு, என் குரல் தட்டியைத் தாண்டிப் போவதால், அடுத்த அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் 'ஆ' பிரிவுக்குத்தான் என் பாடம் முழுவதும் மனப்பாடமாகியிருக்கிறது என்று விளக்கினார்கள். உவமையை உரிய இடத்தில் பிரயோகிப்பதுதான் மொழிப்பாடத்தின் பயன் என்றால், அன்றைக்கு என் பாடம் பூரண வெற்றி பெற்றுவிட்டது.

உண்மையில் நன்னூலார் எங்களிடம் அதிகம் எதிர்பார்க்கவில்லை. ஆசிரியர் சொன்னதை மாணாக்கன் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் அவனுக்குச் சேர்வது காற்கூறு கல்விதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்கூறு. கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதால் மீதிப் பாதி என்பது அவருடைய கணக்கு. நம் பரீட்சைகளில் தேர்ச்சி பெற 100-க்கு 35 வேண்டும். நான் தொண்டை வறளக் கத்தினாலும் 25-க்குமேல் என்னால் கொடுக்க முடியாது என்று இலக்கணமே சொல்லும்போது, எஞ்சிய பத்தை ஒரு பையன் பக்கத்துப் பையனின் விடைத்தாளிலிருந்து சம்பாதித்தால், அவன் உடன் பயில்வோருக்குரிய காற்கூற்றைச் சற்று அவசரமாக வாங்கிக்கொண்டான் என்றுதானே கொள்ள வேண்டும்? மேற்பார்வைக்கு வந்த சக ஆசிரியரிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கணித ஆசிரியர். கணக்குச் சரி என்று ஒப்புக்கொண்டார், விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மறுத்துவிட்டார்.

ஆகையால், "ஒரு பிழையில்லாமல் நாலு வரி தமிழ் எழுதத் தெரியவில்லையே, நீங்கள் என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?" என்று பள்ளிக்கூடத்து வாசலில் என்னை மறித்துக் கேட்கும் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். என் பங்கு காற்கூறுதான். பாதிப் பங்கு உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. சாயங்காலம் பத்து நிமிஷம் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து, அன்றைய பாடத்தை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், தொலைக்காட்சியைப் பார்க்காதீர்கள், பாரி எப்படி வீட்டுக்குப் போனான் என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். அந்தப் பத்து நிமிஷமும் நீங்கள் அன்னமாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பசுவாக இருந்தாலும் போதும்.